இரண்டு பேப்பரிலும் ஹெப்சி

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு கிரில் கேட்டுக்கு உள்ளே பேப்பர் வந்து விழுந்தது. ஹெப்சி விழித்துத்தான் இருந்தாள். முந்தைய ராத்திரி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்பி, கட்டிய சேலையோடு சோபாவில் உட்கார்ந்தவள் அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை.

'தென்வாசல்' நாளிதழை நின்றபடியே பிரித்தாள். முதல் பக்கத்தில் இல்லை. மூன்றாம் பக்கத்திலும் இல்லை. ஐந்தாம் பக்கத்தில், மின்தடை அறிவிப்புக்கு மேலே, ஒற்றைப் பத்தியில் இருந்தது.

'பள்ளி வேனில் மயங்கிய மாணவி மீட்பு.

தாம்பரம், ஆக. 21: தாம்பரம் அருகே தனியார் பள்ளி ஒன்றின் வேனில், கவனக்குறைவால் உள்ளேயே விடப்பட்ட 5 வயது மாணவி மயங்கிய நிலையில் மீட்கப்பட்டு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். இதுதொடர்பாக வேன் பொறுப்பு ஆசிரியை ஹெப்சி (43), ஓட்டுநர் ஷாகுல் (36) ஆகியோர் மீது போலீஸார் வழக்குப் பதிந்து விசாரித்து வருகின்றனர். விசாரணைக்கு முழு ஒத்துழைப்பு அளிப்பதாகப் பள்ளி நிர்வாகம் தெரிவித்துள்ளது.'

அவ்வளவுதான். ஓர் எழுத்துப்பிழை இல்லை. சத்தமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. பள்ளிக்குப் பெயர் இல்லை. அவளுக்கு மட்டும் இருந்தது, வயதோடு.

நேற்றுக் காலை எட்டு நாற்பதுக்கு, வேன் பள்ளி கேட்டுக்குள் நுழையும்போது பிரின்சிபாலிடமிருந்து போன் வந்தது. 'இன்ஸ்பெக்ஷன் டீம் வந்தாச்சு, உடனே லேபுக்கு வாங்க.' ஹெப்சி இறங்கி ஓடினாள். பிள்ளைகள் தாங்களாகவே இறங்கினார்கள். கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த யூகேஜி சின்மயி இறங்கவில்லை. பதினொன்றேகாலுக்குத் தோட்டக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அந்தக் குழந்தைக்கு வலிப்பு வந்திருந்தது.

சுந்தர்சிங் படுக்கையறையிலிருந்து வந்தான். மனைவி கையில் பேப்பரைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். அவன் 'தென்வாசல்' நாளிதழில் பதினாறு வருடமாக உதவி ஆசிரியர். நிருபர்கள் அனுப்பும் செய்திகளைத் திருத்திப் பக்கத்துக்கு அனுப்புவது அவன் வேலை. 'நான் டெஸ்க்ல இருந்தா செய்தி எப்படி வருதுன்னு பார்த்துக்கலாம்' என்று சொல்லிவிட்டுத்தான் நேற்று ஸ்டேஷனுக்கு வராமல் ஆபீஸ் போனான். ஸ்டேஷனில் அவள் கூட நின்றது தம்பி ஜாய்சன்.

"இது உங்க டெஸ்க்குக்கு வந்ததா?"

"வந்தது."

"நீங்க பார்த்தீங்களா?"

"நான்தான் எடிட் பண்ணேன்."

ஹெப்சி பேப்பரை டீப்பாய் மேல் வைத்தாள். "சொல்லுங்க."

"தாம்பரம் நிருபர் அனுப்பினதுல பள்ளிக்கூடத்துப் பேரு, உன் பேரு, ரெண்டும் இருந்தது. செய்தி ஆசிரியர் பள்ளிக்கூடத்துப் பேரை எடுக்கச் சொன்னார். அது எப்பவும் நடக்கறதுதான். ஒவ்வொரு மே மாசமும் முழுப் பக்க விளம்பரம் தர்றவங்க. அப்போ டீச்சர் பேரையும் எடுத்துடலாமே சார்னு கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஏன், உங்களுக்குத் தெரிஞ்சவங்களான்னு கேட்டார்."

சுந்தர்சிங் கண்ணாடியைக் கழற்றிப் பனியன் ஓரத்தில் துடைத்தான். அது தேவைக்கு மேலே நேரம் எடுத்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்ல சார்னு சொல்லிட்டேன்."

கேட்டுக்கு வெளியே பால்காரரின் வண்டி நின்று கிளம்பிப் போனது.

"பயந்துட்டேன் ஹெப்சி. ஆமான்னு சொன்னா, மனைவிக்காகச் செய்தியை மாத்தப் பார்த்தேன்னு ஆயிடும். அந்த நிமிஷத்துல..."

"கல்யாணமாகி இருபது வருஷம்," என்றாள் அவள். முகம் கழுவப் போனாள்.

*

எட்டு மணிக்கு மாடியிலிருந்து ஜாய்சன் இறங்கி வந்தான். மாலை நாலு மணிக்கெல்லாம் டீக்கடைகளில் விற்றுத் தீரும் 'அந்திப்பொறி' பத்திரிகையில் அவன் கிரைம் நிருபர். காதில் போன்.

"தர்றேன் சார்... தர்றேன்னு சொல்றேன்ல..." போனை வைத்தான். "அக்கா, சாப்பிட்டியா?"

"என்ன கேக்கறார் உன் எடிட்டர்?"

"உன் போட்டோ." பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. "நேத்து ராத்திரியே கேட்டார். என் அக்கா சார், விட்டுடுங்கன்னு சொன்னேன்."

சுந்தர்சிங் நிமிர்ந்து பார்த்தான்.

"சொல்லிட்டியா? அவர்கிட்டயே?" என்றாள் ஹெப்சி.

"சொல்லாம? ஆனா அதுவே வினையாப் போச்சு. 'உன் அக்காவா, அப்ப எக்ஸ்குளூசிவ்டா'ன்னு ஒரே சந்தோஷம் அந்த ஆளுக்கு." ஜாய்சன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "விஷயம் அது இல்லக்கா. டீச்சர் போன் பேசிக்கிட்டே குழந்தையை விட்டுட்டு இறங்கிட்டாங்கன்னு ஸ்டேஷன் வாசல்ல யாரோ நிருபர்களுக்குச் சொல்லியிருக்காங்க. 'செல்போன் டீச்சர்'னு முதல் பக்கத்துல போடணும்கறார்."

"போன் வந்தது நிஜம்தானே. பிரின்சிபால் கூப்பிட்டாங்க."

"யார் கூப்பிட்டதுன்னு எவன் கேட்கப் போறான்? டீச்சர் போன் பேசினாங்க, குழந்தை உயிருக்குப் போராடுது. அவ்வளவுதான் நியூஸ். பன்னிரண்டு மணிக்குப் பக்கம் முடியும். அதுக்குள்ள இதைவிடப் பெருசா ஒண்ணு நான் கொடுத்தாத்தான் இந்தத் தலைப்பு போகும்."

"இல்லேன்னா?"

ஜாய்சன் போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தான்.

சுந்தர்சிங் தொண்டையைச் செருமினான். "ஜாய், அந்தப் பேப்பரை யாரு சீரியஸா எடுத்துக்கறாங்க? வந்துட்டுப் போகட்டும்."

"அத்தான், உங்க பேப்பர்ல பதினோரு வரி வந்தது. காலைலேருந்து இந்தத் தெருவுல ஒருத்தராவது வந்து என்னன்னு கேட்டாங்களா? யாரும் படிக்கல. எங்களுது வந்தா சிட்லபாக்கத்துலேருந்து சேலையூர் வரைக்கும் படிப்பாங்க. அதான் பயப்படறேன்."

*

பத்தே காலுக்கு ஒரு பெண் கேட்டைத் தட்டினாள். டிரைவர் ஷாகுலின் மனைவி ஜஹீரா. இதுவரை ஹெப்சி அவளை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள், ரம்ஜானுக்குப் பிரியாணி டப்பாவோடு வேன் பக்கத்தில் நின்றபோது. இன்று கண்கள் வீங்கியிருந்தன.

"டீச்சர், பொம்பளைன்னு உங்கள வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவரு இன்னும் உள்ளதான் குந்திகினு கீறாரு. சாயங்காலம் கோர்ட்டுக்கு இட்டுனு போறாங்களாம்."

"உள்ள வாம்மா. உட்காரு."

"உக்கார நேரமில்ல டீச்சர். இத்தக் கேளுங்க." கையிலிருந்த போனை நீட்டினாள். "போலீஸ்காரரு போனை வாங்கிக்கிறதுக்கு முன்னாடி எங்க வூட்டுக்காரரு எனக்கு இத அனுப்பிட்டாரு. நான் காலைலதான் பார்த்தேன்."

பள்ளியின் வாகனப் பொறுப்பாளர் அனுப்பிய குரல் பதிவு. நேற்றுக் காலை எட்டு முப்பத்தாறு.

'ஷாகுல், டீம் வந்தாச்சு. டீச்சரை கேட்லயே இறக்கி வுடு, லேபுக்கு வேணும். பசங்க தானா எறங்கிப் போவட்டும். வண்டிய பின்னாடி போட்டுட்டு உடனே சாரோட கார எடுத்துகினு ஏர்போர்ட் கெளம்பு. செக்கிங் கிக்கிங்னு நின்னுகினு இருக்காதே, புரியுதா?'

மூன்று பேரும் இரண்டாவது முறை கேட்டார்கள். மூன்றாவது முறை ஜாய்சன் மட்டும் காதோடு வைத்துக் கேட்டான். 

"செக்கிங் வேணாம்னு அவனே சொல்றான். இது போதும்க்கா. இது போதும்."

"அவசரப்படாதே," என்றான் சுந்தர்சிங். "இது ஆதாரம். முதல்ல வக்கீல்கிட்ட போகணும். அப்புறம் எங்க பேப்பருக்குக் கொடுக்கலாம். குரல் அவரோடதுதானான்னு சரிபார்த்து, பள்ளிக்கூடத்துத் தரப்பையும் கேட்டு, நிதானமாப் போட்டா கோர்ட்லயும் அதுக்கு மதிப்பு இருக்கும். 'அந்திப்பொறி'யில வந்ததுன்னா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க."

"சரிபார்த்து எப்ப போடுவீங்க?"

"நாளைக்கு. இல்ல நாளன்னைக்கு."

"நாளன்னிக்கா?" ஜஹீராவின் குரல் உயர்ந்தது. "சாயங்காலம் அவரப் புழல் ஜெயில்ல போட்டுருவாங்க சார்! எனக்கு ரெண்டு பசங்க கீது."

ஜாய்சன் அத்தானையே பார்த்தான். "அது போகட்டும். பள்ளிக்கூடத்துப் பேரு வருமா அத்தான்? உங்க பேப்பர்ல?"

சுந்தர்சிங்கின் பார்வை டீப்பாய் மேலிருந்த பேப்பருக்குப் போய்விட்டுத் திரும்பியது. 

ஹெப்சி ஜஹீராவின் பக்கத்தில் போய் நின்றாள். "ஜாய், நீ எழுது. ஆனா மூணு விஷயம். குழந்தையோட பேரோ போட்டோவோ வரக்கூடாது. செல்போன் டீச்சர்ங்கற வார்த்தை வரக்கூடாது."

"வராது. மூணாவது?"

"நான் எண்ணலைங்கறதையும் எழுதணும்."

"ஹெப்சி!" சுந்தர்சிங் எழுந்துவிட்டான். "கேஸ் இருக்கு. அதை ஏன் நீயா சொல்றே?"

"தினமும் பத்தொன்பது பிள்ளைங்க. வண்டியை விட்டு இறங்கறதுக்கு முன்னாடி எண்ணுவேன். ஒவ்வொரு சீட்டா எட்டிப் பார்ப்பேன். நேத்து பிரின்சிபால் கூப்பிட்டாங்கன்னு எண்ணாம ஓடினேன். அவங்க சொன்னது தப்பு. நான் எண்ணாததும் தப்பு. பாதியை மட்டும் சொன்னா அந்தக் குழந்தையோட அம்மா முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?"



ஜாய்சன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போனிலேயே அடிக்க ஆரம்பித்தான். ஜஹீரா அவன் தோளுக்குப் பின்னால் நின்று, படிக்கத் தெரிந்த வார்த்தைகளை எல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பதினொன்று முப்பத்தைந்துக்குச் செய்தியும் குரல் பதிவும் போயின. அனுப்பும் முன் அக்காவிடம் படித்துக் காட்டினான். சரியாக இருந்தது. பள்ளியின் பெயர் முதல் வரியில். குரல் பதிவு வார்த்தை மாறாமல் நடுவில். அவள் சொன்னது கடைசிப் பத்தியில்.

"எடிட்டர் கால்ல போய் விழறேன்க்கா," என்று பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

*

இரண்டே முக்காலுக்கு பிளஸ்ஸியிடமிருந்து போட்டோ வந்தது. காட்டாங்குளத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள். படத்துக்குக் கீழே ஒரே வரி: 'அம்மா, இது காலேஜ் எதிர்க்க டீக்கடைல தொங்குது. நீ ஓகேயா?'

மஞ்சள் தாளில், சிவப்பு எழுத்தில், அன்றைய 'அந்திப்பொறி' போஸ்டர்.

'எண்ண மறந்தேனே..! வேன் டீச்சர் கதறல் வாக்குமூலம்!'

ஹெப்சி அழவே இல்லை. நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அவள் எப்போது கதறினாள்?

சுந்தர்சிங் ஆபீசுக்குக் கிளம்பிச் சட்டை போட்டிருந்தான். தெருமுனைக் கடைக்குப் போய்ப் பேப்பரை வாங்கிக்கொண்டு வந்தான். முழு முதல் பக்கமும் அதுதான். போன கிறிஸ்துமஸுக்கு எடுத்த குடும்பப் போட்டோவிலிருந்து ஹெப்சியை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அவள் தோளில் கிடந்த ஜாய்சனின் விரல்கள் இரண்டு அதில் மிச்சமிருந்தன.

சுந்தர்சிங் ஒரு வரி விடாமல் படித்தான். தலைப்பைத் தாண்டிய பிறகு அவன் முகம் மாறியது.

"லார்க்ஃபீல்டு மெட்ரிகுலேஷன் பள்ளி. மூணு இடத்துல பேரு வந்திருக்கு," என்றான் மெதுவாக. "ஆடியோ முழுசும் இருக்கு. குழந்தை பேரு இல்ல. செல்போன் இல்ல. உள்ள ஒரு வரிகூடப் பொய் இல்ல ஹெப்சி."

"தலைப்பு?"

அவன் பேப்பரை மடித்தான்.

போன் அடித்தது. ஜாய்சன். "அக்கா, தலைப்பு நான் போடல. சத்தியமா. கடைசிப் பாராவைத் தூக்கி மேல வெச்சுட்டாங்க. போட்டோ... போட்டோ என் ஃபேஸ்புக்லேருந்து எடுத்துட்டானுங்க. நான் சண்டை போட்டேன்க்கா, மிஷின் ஓட ஆரம்பிச்சுடுச்சு."

"சரிடா."

"திட்டுக்கா."

"அப்புறம் திட்டறேன். இப்ப வை."

சுந்தர்சிங் வாசல் வரை போய்த் திரும்பி நின்றான். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. அவள் பிளஸ்ஸிக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தாள். மூன்று பத்து லோக்கல் டிரெயினைப் பிடிக்கப் போய்விட்டான்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் தெரு மாறிப்போனது. எதிர் வீட்டு மாடியில் இரண்டு பெண்கள் நின்று இந்த வீட்டையே பார்த்தார்கள். பைக்கில் போன ஒருவன் வேகத்தைக் குறைத்து, கேட்டுக்குள் எட்டிப் பார்த்து, பின்னால் இருந்தவனிடம் ஏதோ சொன்னான். தெரியாத எண்களிலிருந்து ஏழு அழைப்புகள். ஒரு பெண் குரல், "நீயெல்லாம் டீச்சரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டது. ஹெப்சி ஜன்னல் கதவுகளைச் சாத்தினாள். பிறகு எதற்கோ வெட்கப்பட்டவளாக ஒன்றைத் திறந்துவைத்தாள்.

நாலேகாலுக்கு வந்த எட்டாவது அழைப்பு ஜஹீரா.

"டீச்சர்! அவர வுட்டுட்டாங்க டீச்சர்! கோர்ட்டுக்கு வேணாம், கூப்ட்டா வரணும்னு எழுதி வாங்கிகினு அனுப்பிட்டாங்க. அந்த வண்டி இன்சார்ஜ இப்ப இட்டாந்து உக்கார வெச்சிகிறாங்க. ஸ்கூலாண்ட கல்வி ஆபீசருங்க வந்துட்டாங்களாம், ரோடு பூரா ஜனம்..." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "உங்க பேரத்தான் இப்டி நாறடிச்சிட்டானுங்க. மன்னிச்சுக்கோங்க டீச்சர். என்னாலதான்."

"உன்னால இல்ல ஜஹீரா. அவருக்கு முதல்ல சாப்பாடு போடு."

போனை வைத்ததும் ஹெப்சி முகம் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டாள். மடித்துக் கிடந்த 'அந்திப்பொறி'யைப் பையில் வைத்தாள். சின்மயியின் அம்மாவும் இந்நேரம் இதைப் பார்த்திருப்பாள். அதைக் கதறலாக அல்லாமல், நேரில், தன் வாயால் சொல்ல வேண்டும்.

*

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டம் குரோம்பேட்டை வரைக்கும் வண்டிகளை நிறுத்தியிருந்தது. ஆட்டோவை விட்டு இறங்கி, கடைசி ஒரு கிலோமீட்டரை ஹெப்சி நடந்தே போனாள். மூன்று கடைகளில் அவள் பெயர் தொங்கியது. யாரும் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, சின்மயியின் அம்மா ஜெயஸ்ரீ தனியாக உட்கார்ந்திருந்தாள். கணவர் மஸ்கட்டில் விமானம் ஏறியிருந்தார். பக்கத்து நாற்காலியில் இரண்டு பேப்பரும் கிடந்தன.

ஹெப்சி நான்கடி தள்ளி நின்றாள். "குழந்தை எப்படி இருக்கா?"

ஜெயஸ்ரீ தலை தூக்கினாள். யார் என்று புரிய ஒரு கணம் ஆனது. அடிக்க வருவாள் என்றே ஹெப்சி நினைத்தாள்.

"மூணு மணிக்குக் கண்ணு முழிச்சா. தண்ணி கேட்டா." குரலில் எதுவுமே இல்லை. "இனி பயமில்லைன்னு டாக்டர் சொன்னார்."

ஹெப்சிக்கு நேற்றிலிருந்து வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெயஸ்ரீ 'அந்திப்பொறி'யை எடுத்து நீட்டினாள். "எண்ணலைன்னு நீங்களே சொன்னதாப் போட்டிருக்கு. நிஜமா, இல்ல இவங்க கட்டினதா?"

"கதறினேன்னு போட்டது பொய். எண்ணலைங்கறது நிஜம்."

"ஏன் எண்ணல?"

"கூப்பிட்டாங்கன்னு ஓடினேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷம் நான் நின்னிருக்கணும். என்னை மன்னிங்கன்னு கேக்க வரல. உங்க முன்னாடி வந்து சொல்லணும்னுதான் வந்தேன்."

ஜெயஸ்ரீ பேப்பரை நாற்காலியில் திரும்பப் போட்டாள். "ஒரு ஆப்சென்ட் மெசேஜ் வந்திருந்தாகூட ஓடி வந்திருப்பேன். பல்லாவரத்துலதான் என் ஆபீஸ். அதுகூட அனுப்பல. காலை பேப்பர்ல என் பொண்ணு ஏதோ ஒரு மாணவி. இந்தப் பேப்பர்ல ஏதோ ஒரு பிஞ்சு. ஒருத்தர்கூட வந்து என்கிட்ட என்ன நடந்துச்சுன்னு கேக்கல. நேத்துலேருந்து, 'நான் செஞ்சது தப்பு'ன்னு என் முகத்தைப் பார்த்துச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பள்ளியின் முத்திரை போட்ட லெட்டர்பேடு.

"மதியம் கொடுத்துட்டுப் போனாங்க. படிங்க."

'...குழந்தைகளை இறக்கும் முழுப் பொறுப்பும் வேன் ஆசிரியை ஹெப்சி அவர்களையே சாரும் என்பதையும், பள்ளி நிர்வாகத்தின் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்பதையும்...'

கீழே ஜெயஸ்ரீயின் பெயர். கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது.

"ஆஸ்பத்திரி செலவு முழுக்க அவங்களே பார்த்துக்கறாங்களாம். ஆறு மணிக்கு வர்றாங்க. நான் என்ன பண்ணட்டும், நீங்க சொல்லுங்க."

"அதை நான் சொல்லக்கூடாதும்மா." ஹெப்சி தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "இதுல எனக்கு லாபம் இருக்கு."

லிஃப்ட் திறந்தது. பள்ளியின் நிர்வாக அலுவலர் வந்தார், கையில் பழக்கூடை. அவர் பின்னால், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஓர் இளைஞன். அட்டையில் 'தென்வாசல், நிகில், நிருபர்' என்றிருந்தது.

ஹெப்சியைப் பார்த்ததும் அலுவலரின் முகம் சுண்டியது. "நீங்க இங்க இருக்கக்கூடாது மேடம். விசாரணை நடக்குது." உடனே ஜெயஸ்ரீ பக்கம் திரும்பிக் குரலைக் குழைத்தார். "அம்மா, நாலாந்தரப் பேப்பர் கண்டதை எழுதிடுச்சு. அதான் நல்ல பேப்பர்லேருந்து சாரை அழைச்சுட்டு வந்தோம். நீங்க கையெழுத்துப் போடறதை ஒரு போட்டோ, உங்க வாயால ரெண்டு வார்த்தை. நாளைக்கு எல்லாம் அடங்கிடும்."

பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார்.

ஜெயஸ்ரீ பேனாவை வாங்கினாள். தாளை முழங்கால் மேல் வைத்தாள். ஹெப்சி பார்வையை விலக்கிக்கொண்டாள்.

தாள் கிழியும் சத்தம் கேட்டது. இரண்டாக, நான்காக.

"ரெண்டு வார்த்தைதானே கேட்டீங்க?" ஜெயஸ்ரீ நிகிலைப் பார்த்தாள். "எழுதிக்குங்க. லார்க்ஃபீல்டு மெட்ரிகுலேஷன் பள்ளி. அந்தப் பேரை முதல்ல எழுதுங்க. மீதியை அப்புறம் சொல்றேன்."

"அம்மா, ஆத்திரத்துல..." என்று அலுவலர் குனிந்தார்.

"என் பொண்ணு உள்ள படுத்திருக்கா சார். சத்தம் போடாம கீழ போங்க."

அவர் போகும்வரை நிகில் நோட்டைத் திறக்கவில்லை. லிஃப்ட் மூடிய பிறகு திறந்தான். இருபது நிமிடம் ஜெயஸ்ரீ பேசினாள். வராத மெசேஜ், மதியம் வந்த தாள், கிழித்த தாள், டீச்சர் வந்து சொன்னது, எல்லாவற்றையும். நிகில் குறுக்கிடாமல் எழுதிக்கொண்டான். முடிந்ததும் தயங்கினான்.

"மேடம், நான் அப்படியே அனுப்பறேன். நேத்தும் பேரோடதான் அனுப்பினேன். ஆனா டெஸ்க்ல பள்ளிக்கூடத்துப் பேரை எடுத்துடுவாங்க. என் கைல இல்ல."

"யார் எடுப்பாங்க?" என்றாள் ஜெயஸ்ரீ.

ஹெப்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் அருகில் வந்தாள்.

"அனுப்புங்க தம்பி. இந்நேரம் டெஸ்க்ல சுந்தர்சிங்னு ஒருத்தர் இருப்பார். போன் பண்ணி, ஸ்பீக்கர்ல போடச் சொல்லி, செய்தி ஆசிரியர் காதுல விழற மாதிரி சொல்லுங்க. இந்தச் செய்தியை அவரோட மனைவி ஹெப்சி பக்கத்துல நின்னுதான் எழுதினேன்னு. பள்ளிக்கூடத்துப் பேரை எடுக்கறதுன்னா, என்னைத் தெரியும்னு சொல்லிட்டு எடுக்கட்டும்."

நிகில் திகைத்துப் போய் அவளைப் பார்த்தான். பிறகு போனை எடுத்து எண்ணை அழுத்தினான். மறுமுனையில் மணி அடித்தது.